வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள்

லியோனிலா அமெரிக்காவுக்குப் போனது மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வரத்தான். ஆறு மாதத்துக்கு வேண்டிய துணிமணி மட்டும் எடுத்துக்கொண்டாள். பூண்டு பிடுங்குவதற்குள் வந்துவிடுகிறேன் என்று பதோக் கோயில் மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றிச் சொன்னாள். புருஷன் மார்சேலோவிடமும் அதையே சொன்னாள். மாதா கேட்டுக்கொண்டாள். மார்சேலோ மட்டும், போனவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க என்று சொல்லிவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

பதோக்குக்கு வெளியே, கடல் காற்று வந்து விழுகிற பூண்டு நிலம் அவர்களுடையது. நெல் அறுத்த தாளடியில் பூண்டு ஊன்றுவதும், வைக்கோல் பரப்புவதும், பிடுங்கிக் காயவைத்துச் சடையாகப் பின்னுவதும் லியோனிலா சிறு பெண்ணாக இருந்தபோதே கையில் ஏறிய வேலை. அதோடு இன்னொன்றும் அவளுக்கு வரும். சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பாள். அந்தப் பக்கத்தில் ஒப்பாரி என்றால் வெறும் அழுகை இல்லை. இறந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவனோடு வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் ராகம் போட்டுச் சொல்லி, பட்ட கஷ்டத்தையும் பாராட்டையும் அவன் முகத்தைப் பார்த்தே கணக்குத் தீர்த்து அனுப்புவது. பெற்றவள் பெற்றவளாகப் பாட வேண்டும், மனைவி மனைவியாகப் பாட வேண்டும். பாடாமல் அடக்கம் செய்தால் யாரும் வாய் திறந்து குற்றம் சொல்ல மாட்டார்கள். மறக்கவும் மாட்டார்கள்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் மாரிவிக், நர்ஸ் படித்து அமெரிக்கா போய், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டவள். இளையவன் ரோடல் அப்பாவோடு நிலத்தில் இருந்தான். மைலின் என்ற பெண்ணோடு குடும்பம் நடத்தினான், இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. கலியாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. மனசில்லாமல் இல்லை. கோயிலில் மோதிரம் மாற்றினால் அமெரிக்கா கைவிட்டுப் போகும் என்று அக்காள் சொல்லி வைத்திருந்தாள். கூடப் பிறந்தவள் தம்பிக்கு மனுப் போட்டால் தம்பிக்குத் தலை நரைத்த பிறகுதான் கூப்பிடுவார்கள். அங்கே நிரந்தரமாக இருக்கிற தாய், கலியாணமாகாத மகனுக்குப் போட்டால் கொஞ்சம் சீக்கிரம். அந்தத் தாய் அங்கே போவதற்காகத்தான் அவன் காத்துக்கொண்டிருந்தான். அந்த ஊரில் பல வீடுகளில் இப்படித்தான் மோதிரம் இல்லாமல் பிள்ளைகள் வளர்ந்தன.

அமெரிக்க விசா கேட்டுக் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் மணிலா போனார்கள். தூதரகத்தில் உள்ளே இருந்தவர் லியோனிலாவுக்குக் கொடுத்தார், மார்சேலோவுக்குக் கொடுக்கவில்லை. வெளியே வந்து, நல்லதாப் போச்சு, எருமையை யார்ட்ட விடறது என்றான் மார்சேலோ.

மாரிவிக்கின் வீடு கலிபோர்னியாவில், ஸ்டாக்டன் என்ற ஊரில். அவள் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்தாள். புருஷன் டான்டே லாரி ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வெளியே இருப்பான். லியோனிலா போய் இறங்கிய மறுநாளே சமையலும் பிள்ளைகளும் அவள் கைக்கு வந்தன. யாரும் செய்யச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து சின்னவளைக் கூட்டி வருவாள், பெரியவனுக்குச் சோறு போடுவாள், மகள் பகலில் தூங்கும்போது பிள்ளைகளின் வாயை அடக்கிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வாள். கருவாடு மட்டும் வறுக்கக் கூடாது, பக்கத்து வீட்டார் புகார் செய்வார்கள். கோயிலில் பழக்கமான காரிதாத் என்பவள் வீட்டுக் கொல்லையில் முருங்கை நின்றது. அதை ஒடித்து வந்து அவித்துச் சாப்பிடும்போது மட்டும் வாய்க்கு ஊர் ருசி வரும்.

காரிதாத்தும் பதோக் பக்கத்துக்காரிதான். இளம் வயதிலேயே அங்கே போய்விட்டவள். கண்டிப்பான பேச்சு, இளகின மனசு.

ஆறு மாதம் முடிய இருந்த நேரத்தில் மாரிவிக் சொன்னாள், அம்மாவை இங்கேயே நிரந்தரமாக இருக்க வைக்க க்ரீன் கார்டுக்கு மனுப் போடப் போகிறேன் என்று. லியோனிலாவை யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார்கள். எல்லோரும் முடிவு செய்த பிறகு கேட்டார்கள். மகள் மகனோடு பேசி, மகன் அப்பாவோடு பேசி, அப்பா போனில் வந்து, பையனுக்காகத்தானே, இரு, கார்டு கையில வந்ததும் வந்து பாத்துட்டுப் போ என்று சொல்லிவிட்டான். பூண்டு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். இந்த வருஷம் பல்லு பெருசு என்றான். அவ்வளவுதான்.

காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், பத்து விரலையும் ஒரு கண்ணாடியில் வைத்து அழுத்தினார்கள். பூண்டு உரித்து உரித்துத் தேய்ந்த விரல்கள், ரேகை சரியாக விழவில்லை. அந்தப் பெண் பொறுமையாகத் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். கார்டு வரும்வரை அமெரிக்க மண்ணைவிட்டுக் கால் எடுக்கக் கூடாது, எடுத்தால் மனு விழுந்துவிடும் என்றார்கள். நடுவில் போய்வர ஒரு அனுமதித் தாள் வாங்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். இப்ப யாரு போகப் போறா என்று மாரிவிக் அதை விட்டுவிட்டாள். லியோனிலாவும் தலையாட்டினாள். அதில் யார் மேல் குற்றம் சொல்ல.

அந்தக் கார்டு வருவதற்குள் மார்சேலோ போய்விட்டான். காலையில் எழுந்து எருமையை அவிழ்த்துக்கொண்டு போனவன், வரப்பிலேயே உட்கார்ந்தான், சாய்ந்தான். டாக்டர் வந்து இதயம் நின்றுவிட்டது என்றார். ரோடல் முதலில் அக்காளைத்தான் கூப்பிட்டான். மாரிவிக் வேலையிலிருந்து நேரே வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல், அடுப்படியில் நின்ற அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். சின்னவள் வந்து இரண்டு பேருடைய மடியிலும் மாறி மாறி உட்கார்ந்தாள்.

அன்று மாலை ரோடல் போனில் வந்தான். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறது, வாசலில் கட்டை போட்டு நெருப்பு மூட்டியாயிற்று, சொந்தக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சாவு விழுந்த வீட்டு வாசலில் அந்தக் கட்டை அடக்கம் முடியும்வரை அணையாமல் எரிய வேண்டும். கடைசியாகச் சொன்னான்:

"நானாங், நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்கோம்."

நானாங் என்றுதான் அவன் அம்மாவைக் கூப்பிடுவான். காத்திருக்கோம் என்றதை லியோனிலா அப்படியே நெஞ்சில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மாரிவிக்கும் சும்மா இருக்கவில்லை. இமிகிரேஷன் ஆபீசுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அவசரத்துக்கு அனுமதி கேட்கலாம், ஆனால் இறப்புச் சான்று வேண்டும், நேரில் வர வேண்டும், நேரில் வர நாள் கிடைக்க வேண்டும், வந்தாலும் கொடுப்பார்கள் என்று உறுதி இல்லை என்றார்கள். கொடுத்த நாள் அடுத்த வாரத்துக்கும் அடுத்த வாரம். மாரிவிக் போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏற்கெனவே கறுப்புப் பாவாடையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இரவு ஜெபமாலை சொல்லக் கோயில்காரர்கள் வந்தார்கள். சொல்லி முடித்து, காப்பி குடித்து, எல்லோரும் போன பிறகும் காரிதாத் போகவில்லை. அடுப்படியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு ரோடல் கூப்பிட்டா, காத்திருக்க வேணாம், அடக்கம் பண்ணிடுங்கன்னு சொல்லிடு."

"அவன் காத்திருக்கோம்னு சொல்றானே."

"சொல்லத்தான் செய்வான். சொல்லலன்னா ஊரு அவன என்ன பேசும். அவங்க காத்திருக்கோம்னு சொல்லணும், நாம வேணாம்னு சொல்லணும். அப்பத்தான் அவங்களால பெட்டிய மூட முடியும். எங்கப்பாவுக்கு அப்படித்தான் சொன்னேன். எங்கம்மாவுக்கும் அதையேதான் சொன்னேன். இந்த ஊர்ல அந்த வார்த்தையச் சொல்லாத வாய் கிடையாது."

என் மகன் மனசுல இல்லாததைச் சொல்ல மாட்டான் என்றாள் லியோனிலா.

"அவன் பொய் சொல்றான்னா சொன்னேன்? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல. ஊர்ல இருந்த வரைக்கும் நீ காத்திருக்கோம்னு சொல்ற பக்கம். இப்ப இங்க வந்துட்ட, வேணாம்னு சொல்ற பக்கம். அவ்வளவுதான்."

"நீ மகளாச் சொன்ன காரிதாத். நான் பொண்டாட்டி."

காரிதாத் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவளைக் கட்டிப் பிடித்துவிட்டுப் போனாள்.

மறுநாளும் ரோடல் கூப்பிட்டான். காத்திருக்கிறோம் என்றான். அதற்கு மறுநாள், அடக்கத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளியிருக்கிறது, வந்தவர்கள் சாப்பாட்டுக்குப் பன்றி இன்னொன்று பிடிக்க வேண்டியிருக்கிறது, ராத்திரி விழித்திருந்து சீட்டாடுகிறவர்களுக்குக் காப்பி போட்டுப் போட்டு மைலினுக்குக் கை விட்டுப் போகிறது, ஆனாலும் காத்திருக்கிறோம் என்றான். உடம்பு கெடாமல் மருந்து ஏற்றுகிறவர் இரண்டாம் தடவை வந்துவிட்டுப் போனார் என்றும் சொன்னான். வாசல் நெருப்புக்கு வேலியோரத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டார்களாம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் கொஞ்சம் சும்மா இருப்பான். லியோனிலா ஒரு பதில் சொல்லவேண்டிய இடம் அது. அவள் அந்த இடத்தில், இதோ வந்துடறேன்டா கண்ணு, அப்பாவ விட்டுடாத என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சரி நானாங் என்பான் அவன். மரமெல்லாம் வெட்டிக் காத்திருக்கிறானே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, பாஸ்போர்ட்டை எடு என்று மகளிடம் கேட்டாள்.

மாரிவிக் தூங்காத கண்ணோடு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். கார்டு வர இன்னும் கொஞ்ச நாள்தான் என்றாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்போது இறங்கினால் எல்லாம் விழுந்துவிடும், மறுபடி மணிலா வழியாக முதலிலிருந்து, இந்த விசாவை இனி ஒத்துக்கொள்வார்களோ என்னவோ என்றாள். பிள்ளைகளை யார் பார்ப்பது என்று மட்டும் அவள் கேட்கவில்லை. அது அவள் கண்ணில் இருந்தது, லியோனிலாவும் பார்த்தாள்.

"அப்பா போயிட்டாரு நானாங். நீங்க போனா எந்திரிக்கப் போறாரா?"

"அது எனக்குத் தெரியும்டி."

"தெரிஞ்சும் எதுக்குப் போறீங்க?"

"தெரிஞ்சதனாலதான் போறேன். அவரு உயிரோட இருந்தா, வர்றேன்னு சொல்லிட்டு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேன்."

மாரிவிக் எழுந்து போய்ப் பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்து, பிள்ளைகள் பாலில் கார்ன்ஃப்ளேக்ஸ் போட்டுத் தின்றுவிட்டு மிச்சம் வைத்த கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"போங்க. ஆனா இன்னொரு தரம் நான் மனுப் போட மாட்டேன். ரோடலுக்கும் சேர்த்துச் சொல்றேன். என்னால முடியல."

லியோனிலா பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, கிண்ணத்தையும் எடுத்துக் கழுவி வைத்தாள்.

டிக்கெட் போட்டுக் கொடுத்தது டான்டே. அதிகம் பேசாதவன். விமான நிலையத்துக்கும் அவன்தான் கூட்டிப் போனான். மாரிவிக் வரவில்லை. ஆனால் விடிகாலையில் எழுந்து, கோபத்தோடேயே, ஒரு பெரிய அட்டைப் பெட்டி நிறையச் சோப்பும் டப்பா இறைச்சியும் சாக்லெட்டும் அடுக்கிக் கட்டி வைத்திருந்தாள். சாவுக்குப் போனாலும் வெறுங்கையோடு போய் இறங்க முடியுமா. பெட்டியின் மேல் அம்மாவின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதும்போது அவள் அழுதிருக்க வேண்டும். ஒரு எழுத்து கலைந்திருந்தது.

பதோக் பஸ் நிறுத்தத்துக்கு ரோடல் வந்திருந்தான். அம்மாவைக் கட்டிப் பிடித்தான், மெலிஞ்சிட்டீங்க நானாங் என்றான். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். வண்டி கோயிலைத் தாண்டின பிறகு கேட்டான், அனுமதித் தாள் கிடைத்ததா என்று. இல்லை என்றாள். அப்ப எப்படி வந்தீங்க என்றான். எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன் என்றாள். ரோடல் பாதையைப் பார்த்து வண்டி ஓட்டினான். துக்கத்தில் இருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வாசலில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பந்தலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், நெசமாவே வந்துட்டாங்க என்று சொன்னது காதில் விழுந்தது. அவள் நிற்கவில்லை. நேரே உள்ளே போய், சவப்பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்து, மார்சேலோவின் முகத்தைப் பார்த்தாள். மருந்து ஏற்றி ஏற்றி முகம் வேறு யாரோ போல இருந்தது. காது மட்டும் அவனுடையது. காதைப் பார்த்துக்கொண்டு பாடினாள்.

*என்ன பெத்த மாதாவே, இவன எழுப்பித் தரவேண்டாம்,*
*ஏன் போனேன்னு கேக்காம போயிட்டானே, அத மட்டும் கேட்டுத் தா.*
*பூண்டு பிடுங்க வர்றேன்னேன், பொய்யாப் போச்சு மார்சேலோ,*
*பல்லு பெருசுன்னு சொன்னியே, நான் பாக்கலியே மார்சேலோ.*
*பத்து விரலும் பதிச்சு வச்சேன் பனி விழுற தேசத்துல,*
*ஒன் நெத்தியில பதிக்க ஒரு விரலும் இல்லாமப் போனேனே.*

இப்படி வெகுநேரம் பாடினாள். பந்தலில் சீட்டு நின்றது. பெண்கள் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்து அழுதார்கள். அந்த ஊரில் அதற்குமுன் அப்படி ஒரு ஒப்பாரி வைத்ததில்லை என்று பிறகும் சொன்னார்கள். மார்சேலோவைச் சனிக்கிழமை அடக்கம் செய்தார்கள். லியோனிலாவின் நெஞ்சில் கனம் இறங்கியிருந்தது. அன்று ஒரு இரவு அவள் தூங்கினாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடிந்ததும் வீட்டார் எல்லோரும் ஆற்றுக்குப் போய்த் தலை முழுகுவது வழக்கம். வைக்கோலை எரித்த சாம்பலையும் கரும்புச் சாராயத்தையும் தண்ணீரில் கலந்து, ஒருவர் தலையில் ஒருவர் ஊற்றி, துக்கத்தைக் கழுவிவிட வேண்டும். வயதில் மூத்தவளுக்கு மகன் ஊற்ற வேண்டும். லியோனிலா இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்றாள். ரோடல் சிரட்டையால் மொண்டு ஊற்றினான். மற்றவர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"எதுக்கு வந்தீங்க நானாங்."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. அவள் குனிந்தபடியே, நீங்கதானே காத்திருக்கோம்னு சொன்னீங்க என்றாள்.

"சொல்லாம இருக்க முடியுமா?"

இன்னொரு சிரட்டை ஊற்றினான். சாம்பல் தண்ணீர் கண்ணில் இறங்கி எரிந்தது.

"ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டு, நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு நின்னேன். எல்லாரும் சொல்ற வார்த்தைதானே. நீங்க சொல்லல. வர்றேன், வர்றேன்னீங்க. எதுத்த வீட்டு அத்தை கேட்டாங்க, ஒங்கம்மாவுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலியான்னு."

"அவரு என் புருஷன்டா."

"எனக்கு அப்பா இல்லியா? அவருதான சொன்னாரு, பையனுக்காக இருன்னு."

கழுத்துப் பின்னால் தேய்த்துவிட்டான். வழக்கப்படி மூன்று தடவை முக்கி எடுத்தான். அவளுக்குக் கரை ஏறக் கை கொடுத்தான். பார்த்தவர்கள், மகன் எவ்வளவு பதமாகச் செய்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் லியோனிலா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பேசினாள். அவளுக்குத் தோன்றிய ஒரே ஆறுதல் அதுதான். அமெரிக்கா போனால் போகட்டும், இந்தப் பிள்ளைகள் இனியாவது ஆண்டவருக்கு முன்னால் கணவன் மனைவியாக இருக்கலாமே என்று நினைத்தாள். மார்சேலோவின் வருஷம் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றார் சாமியார். மனசு கொஞ்சம் நிறைந்து வீட்டுக்கு வந்தாள். மைலின் பின்கட்டில் உட்கார்ந்து பூண்டுச் சடையை அவிழ்த்து அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லியோனிலா பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லி, இனி தடையில்லைம்மா என்றாள்.

மைலின் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"தடையில்லியா?"

"இல்ல. கலியாணம் ஆனாலும் ஆகலன்னாலும் இனி ஒண்ணும் கெட்டுப்போகாதே."

"பூசைக்குப் போவோம், ஞாபகம் இருக்கா நானாங்? எல்லாரும் நன்மை அப்பம் வாங்க எந்திரிச்சுப் போறப்ப, கோயில்ல கலியாணம் ஆகாதவன்னு நான் மட்டும் கால ஒதுக்கி வழி விட்டுட்டு உக்காந்திருப்பேன். எங்கம்மா வயித்தெரிச்சலோட செத்தா. எம்பிள்ளைங்கள ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டுப் போனப்ப கோயில் புத்தகத்துல எழுதுறவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. பொறுத்துக்கோ, அமெரிக்கா வரும்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொன்னது யாரு?"

சொன்னது லியோனிலாதான்.

"அதெல்லாம் முழுங்கினது எதுக்கு? எம்பிள்ளைங்க அங்க போய்ப் படிக்கும்னு. இப்ப அது போச்சு. போனதும் மோதிரம் கொண்டு வர்றீங்க. தட்டுல மிச்சம் விழுந்தத எனக்குப் போடாதீங்க நானாங்."

சொல்லிவிட்டு அவளே பயந்தவள் போல எழுந்து உள்ளே போய், சோறு போட்டு வந்து முன்னால் வைத்தாள். மீனின் நடுத்துண்டு வைத்திருந்தாள். லியோனிலா தின்றாள், தின்னாவிட்டால் இன்னும் பெரிய சண்டையாகிவிடும் என்று.

அதன்பின் அந்த வீட்டில் யாரும் யாரையும் வைதது இல்லை. ரோடல் காலையில் நிலத்துக்குப் போவான், வருவான், நானாங் சாப்பிட்டாங்களா என்று மைலினைக் கேட்பான், அவளைக் கேட்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மாரிவிக் கூப்பிட்டால் தம்பியோடு நலம் விசாரிப்பாள், அம்மாவிடம் பிள்ளைகளைப் பேசவிட்டுவிடுவாள். சின்னவள் எப்ப வருவீங்க என்று கேட்டு முடிப்பதற்குள் போனை வாங்கிக்கொள்வாள். பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆளை வைத்திருப்பதாகவும், அந்த ஆளுக்குக் கொடுப்பதற்கே இரண்டு வேலை பார்ப்பதாகவும் டான்டேதான் ஒரு நாள் சொன்னான். லியோனிலா மாதா முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டு வந்தாள். வந்தது தப்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் கேட்க ஆளில்லை.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தவர்கள் குறைவு. வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டு, அமெரிக்கா விஷயம் என்ன ஆச்சு என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு ரோடல் முருங்கை மரத்தடியில் போய் நின்று, தேவையே இல்லாமல் கீரை ஒடித்துக்கொண்டிருந்தான். அவன் முதுகைப் பார்த்தபடி லியோனிலா மகளுக்குப் போன் போட்டாள்.

மறுபடி ஒரு தரம் எனக்கு மனுப் போடறியா என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் மாரிவிக் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"நீங்க கேக்கறீங்களா, ரோடல் கேக்கச் சொன்னானா?"

"நான்தான் கேக்கறேன். எனக்கு அங்க வரணும்போல இருக்கு."

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய பொய் அது. சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். ரோடலின் கை கீரையில் நின்றது.

"சரி நானாங். மணிலா வழியாத்தான் போட முடியும். நாளாகும். ஆனா ஒண்ணு. இந்தத் தடவை வந்துட்டு, அங்க யாரு செத்தாலும் நீங்க எறங்கக் கூடாது."

"இனி சாக யாருடி இருக்கா. நான்தான் இருக்கேன்."

ரோடல்கிட்ட புதுசா ஒங்க போட்டோ ஒண்ணு எடுத்து அனுப்பச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு மாரிவிக் போனை வைத்தாள்.

மறுநாளே ரோடல் வண்டியைத் துடைத்து, இருக்கையில் மெத்தை போட்டு, அம்மாவை டவுனுக்குக் கூட்டிப் போனான். சேறு கிடந்த இடத்தில் கையைப் பிடித்து இறக்கினான். ஒரு வருஷம் கழியும்வரை விதவை தலையில் போட்டிருக்க வேண்டிய கறுப்புத் துணி அவள் தலையில் இருந்தது. போட்டோக் கடைக்காரன், இதோட எடுத்தா ஒத்துக்க மாட்டாங்க, எடுத்துடுங்க பெரியம்மா என்றான். லியோனிலா மகனைப் பார்த்தாள். ரோடல் சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் துணியை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைக்காரன் ஒரு சீப்பு கொடுத்தான்.

வரும் வழி முழுக்க ரோடல் பேசிக்கொண்டே வந்தான். பூண்டு விலையைப் பற்றி, தன் பெரியவனின் படிப்பைப் பற்றி, அங்கே குளிர் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி. அப்பா போன பிறகு அவன் அம்மாவிடம் அத்தனை வார்த்தை பேசியது அன்றுதான்.